பழைய செனட்டர் 9/0 ரீல்: குரோம் அடிக்கறதா, உள்ள தொறக்கறதா?

கேள்வி, 14 மே 2023

அண்ணே, நேத்து சிட்னியில ஒரு வீட்டு வாசல்ல பழைய சாமான் போட்டு வித்துட்டு இருந்தாங்க. பென் கம்பெனியோட செனட்டர் 9/0ன்னு (9/0ங்கறது அளவு) மீன் பிடிக்கற தூண்டில் ரீல் ஒண்ணு, மஞ்சள் கிளாஸ் (கண்ணாடிநார்) ராட் ஒண்ணு, ரெண்டும் சேத்து 90 டாலருக்கு வாங்கிட்டேன். பக்கத்தட்டைச் சுத்தின வளையம் பூரா குரோம் புள்ளி புள்ளியா பொரிஞ்சு பச்சை பிடிச்சிருக்கு, கறுப்பு பக்கத்தட்டு பழுப்பா மங்கிப்போச்சு. மணல் அடிச்சு சுத்தம் பண்ணி புதுசா குரோம் அடிச்சுக் குடுக்கற பட்டறை ஏதாச்சும் தெரியுமா? அதுக்கப்புறம் 24 கிலோ வரை தாங்கற நைலான் லைன் சுத்திட்டு குளிர்ல தெக்க கடற்கரையில இருக்கற பெர்மகுயி ஊருக்குப் போயி சூரை பிடிக்கணும்.

14 மே, இரவு

குரோம் வேண்டாம் தம்பி. மணல் அடிக்கறது அதைவிட வேண்டாம்.

நான் கோயமுத்தூர்ல லேத் பட்டறையில வளந்தவன், இங்க வந்தும் பிட்டர் வேலைதான், முலாம் அடிக்கறது என்னன்னு தெரியும். அந்த வளையம் பித்தளை, அதுமேல நிக்கல், அதுக்கு மேல முடி கனம் கூட இல்லாத குரோம். புதுசா அடிக்கணும்னா பழசை முதல்ல உரிக்கணும், பள்ளம் மறையற வரைக்கும் பித்தளையை பஃப் போட்டு தேய்க்கணும். தேய்ச்சா விளிம்பு மழுங்கும், எழுத்து அழியும், ஸ்க்ரூ உக்கார்ற குழி வாய் விரியும். திரும்ப பூட்டும்போது எதுவும் எதோடயும் சேராது. பளபளன்னு ஒரு பொருள் கையில இருக்கும், ரீல் இருக்காது.

உன் ரீலோட வியாதி வெளிய இல்ல, உள்ள. ஹேண்டிலை மெதுவா சுத்திப் பாரு. கரகரன்னு கேக்குதா, ஒரு இடத்துல பிடிச்சு ஒரு இடத்துல விடுதா, ஹேண்டில் அடியில நட்சத்திரம் மாதிரி இருக்கற ஸ்டார் வீலை இறுக்கி லைனை கையால இழுத்தா வழுக்கிட்டு வருதா இல்ல உதறி உதறி வருதா? அதைச் சொல்லு முதல்ல. நைலான் தாராளமா போடு, அதுல ஒண்ணும் பிரச்சினை இல்ல.

14 மே, கொஞ்சம் கழிச்சு

ஒண்ணு விட்டுட்டேன். தொறக்கறதுக்கு முன்னாடி ஒரு வெள்ளைத் துண்டு விரிச்சு, ஓரம் தூக்கின தட்டு ஒண்ணு வெச்சுக்கோ. பினியனை (சின்ன கியரை) தூக்கற யோக்னு ஒரு கவை, அது அடியில சின்ன ஸ்ப்ரிங் ரெண்டு நிக்கும், நீ பாக்கறதுக்குள்ள பறந்துடும். நான் ஒண்ணை மூணு நாள் தேடினேன், ஷெட்ல கார் டயர் அடியில இருந்துச்சு.

16 மே

உதறி உதறித்தான் வருதுன்னு சொல்றே. அப்ப கண்டிப்பா தொறக்கணும்.

ஸ்க்ரூதான் முதல் எமன். ஐம்பது வருசத்து உப்பு மரையில கல்லாட்டம் உக்காந்திருக்கும். தடிமனான திருப்புளியை வெச்சு திருகினா தலை பிஞ்சு வந்துரும், அப்புறம் டிரில் போட்டுத்தான் எடுக்கணும், டிரில் வழுக்கி பக்கத்தட்டு மேல போச்சுன்னா அவ்வளவுதான். திருப்புளியோட வாயை ஸ்க்ரூ வெட்டுக்குள்ள முழுசா நிறையற மாதிரி அரம் போட்டு சரி பண்ணிக்கோ. ஆப்பு மாதிரி சரிவா இருந்தா தலையைக் கிளப்பிடும், வாய் ரெண்டு பக்கமும் இணையா இருக்கணும். துரு விடற எண்ணெய் ஒரு சொட்டு, ராத்திரி பூரா அப்படியே விடு. காலையில சால்டரிங் அயர்ன் முனையை ஸ்க்ரூ தலைமேல ஒரு நிமிசம் வெச்சு சூடு காட்டு, ஆற விடு, திரும்ப ஒரு சொட்டு. பக்கத்தட்டு பேக்லைட் (பழங்காலத்து கெட்டி பிளாஸ்டிக்), சூட்டுல உருகாது, ஆனா ஓங்கி அடிச்சா விண்டுபோகும், சுத்தியல் எடுக்காத.

கழட்டற வரிசையிலேயே இடமிருந்து வலமா அடுக்கி, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு போட்டோ. நாளைக்கு ஞாபகம் இருக்கும்னு நினைக்காத, இருக்காது.

உதிரி பாகத்துக்கு பயப்படவே வேண்டாம். பென் கம்பெனியை ஃபிலடெல்பியாவுல ஓட்டோ ஹென்ஸி 1932ல ஆரம்பிச்சார், செனட்டர் வந்தது 1936ல. அந்தக் கம்பெனிக்காரங்க ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு நம்பர் வெச்சிருக்காங்க: 4ன்னா நாய் (பின்பக்கம் சுத்த விடாம தடுக்கற கொக்கி), 5ன்னா பெரிய கியர், 6ன்னா டிராக் வாஷர் (டிராக்னா மீன் இழுக்கும்போது லைனை இறுக்கிப் பிடிச்சு விடற பிரேக்), 10 ஸ்டார் வீல், 13 பினியன், 29 ஸ்பூல் (லைன் சுத்தற உருளை). அதுக்குப் பக்கத்துல ரீல் மாடல் நம்பர். 9/0க்கு மாடல் 115. அப்ப 5-115ன்னு கேட்டா உன் ரீலோட பெரிய கியர், வேற எதுவும் வராது. பாட்டன் வாங்கின ரீலுக்கு பேரன் பாகம் தேடி வாங்க முடியுதுன்னா அதுக்கு இந்த நம்பர்தான் காரணம். எனக்கு இந்த ரீல் மேல இவ்வளவு பாசம் வந்ததும் அதனாலதான், இதைவிட அழகான ரீல் நிறைய இருக்கு.

17 மே

"பச்சையை வினிகர்ல ஊறவெச்சா போயிரும்"னு ஒருத்தர் எழுதியிருக்கார். போகும். அந்தப் பச்சை வேற ஒண்ணும் இல்ல, நம்ம ஊர் குத்துவிளக்குல பிடிக்கற களிம்புதான். அம்மா புளி போட்டு தேய்க்கறதும் அதே வேலைதான், புளிப்பு களிம்பைக் கரைக்கும். வெள்ளை வினிகர்ல பாதிக்குப் பாதி தண்ணி, அரை மணி நேரம், பழைய டூத் பிரஷ். அப்புறம் சோப்புத் தண்ணியில நல்லா அலசணும், புளிப்பு ஒரு துளி மரையில தங்கினாலும் மறு வாரம் திரும்ப பச்சை பூக்கும்.

19 மே

17ல எழுதினதை திருத்தணும். எல்லாத்தையும் ஒரே கிண்ணத்துல போடாதீங்க. வினிகர் பித்தளைக்கும் குரோம் அடிச்ச பித்தளைக்கும் மட்டும், அதுவும் அரை மணிக்கு மேல வேண்டாம். ராத்திரி பூரா ஊறப்போட்டா பித்தளையில இருக்கற துத்தநாகம் கரைஞ்சு போயி மேல செம்பு நிறம் ரோஸ் கலர்ல தெரியும், குரோம் ஓரமும் தோல் மாதிரி கிளம்பிக்கும்.

அலுமினியத்துக்கு கிட்ட கூட வேண்டாம். அதைவிட மோசம் காரம். எனக்கு நடந்ததைச் சொல்றேன். தங்க நிறம் ஏத்தின அலுமினிய ஸ்பூல் ஒண்ணு, கிரீஸ் கருகி ஒட்டியிருந்துச்சு, அடுப்புக் கரி எடுக்கற ஸ்ப்ரே வீட்டுல இருந்துச்சு, அடிச்சுட்டு போன் பேசப் போயிட்டேன். பத்து நிமிசத்துல திரும்பி வந்தா தங்கம் பூரா போயி சாம்பல் நிறத்துல நிக்குது. அந்த ஸ்ப்ரேல இருக்கறது காஸ்டிக் சோடா, அது அந்த நிறப்பூச்சை மட்டும் இல்ல அலுமினியத்தையே தின்னும். அந்த ரீலை எனக்குக் குடுத்தவர் எங்க தெருவுல இருந்த பெரியவர், கை நடுக்கம் வந்து மீன் பிடிக்கறதை விட்டப்புறம் குடுத்தார். அவர்கிட்ட காட்ட மனசு வரல. இன்னைக்கும் அந்த ஸ்பூல் என் டிராயர்ல இருக்கு, புதுசா ஏதாவது ஊத்தறதுக்கு முன்னாடி எடுத்து ஒரு தடவை பாத்துக்குவேன்.

19 மே, மறுபடி

பக்கத்தட்டு பத்தி ரெண்டு பேர் கேட்டிருந்தாங்க. வெயில்ல மங்கின பேக்லைட்டை கார் பாலிஷ் (ரொம்ப நைஸான வகை) போட்டு துணியால தேய்ச்சா கறுப்பு பாதியாவது திரும்பும், மேல மெழுகு. உப்புத்தாள் வேண்டாம்.

ஆனா 1930க்கு முந்தின ரீல், ஃபாம் ஹோஃப் கம்பெனி செஞ்சது மாதிரி, அதுல பெரும்பாலும் பேக்லைட் இல்ல, கெட்டி ரப்பர். கட்டைவிரலால வேகமா தேய்ச்சு மோந்து பாருங்க, கந்தக வாடை வந்தா அது கெட்டி ரப்பர். அதை சுடுதண்ணியில போட்டீங்கன்னா கண்ணு முன்னாடியே பச்சையா பழுப்பா மாறிடும், திரும்பவே திரும்பாது. அந்த ரீலோட உலோகம் ஜெர்மன் சில்வர் (வெள்ளி இல்ல, செம்பு, நிக்கல், துத்தநாகக் கலவை), மேல முலாமே கிடையாது, மங்கின சாம்பல்தான் அதோட நிறம். அதை பளபளன்னு தேய்க்கறவங்களைப் பாத்தா எனக்கு வயிறு எரியும்.

22 மே

டிராக். இதுக்குத்தான் காத்துட்டு இருந்தேன்.

பெரிய கியரோட குழிக்குள்ள வாஷர் அடுக்கு இருக்கும். முதல்ல ஒரு உராய்வு வாஷர், அதுமேல ஒரு உலோக வாஷர், மறுபடி உராய்வு, மறுபடி உலோகம். உலோகம் ரெண்டு ஜாதி: ஒண்ணுக்கு நடு ஓட்டை தட்டையா வெட்டியிருக்கும், அது ஹேண்டில் மாட்டற ஸ்லீவோட பூட்டிக்கும். இன்னொண்ணுக்கு வெளிய காது இருக்கும், அது கியர்ல இருக்கற வெட்டுல உக்காரும், கியரோட சேந்து சுத்தும். மீன் இழுக்கும்போது ஸ்பூல் பினியனைச் சுத்தும், பினியன் கியரைச் சுத்தும், ஸ்லீவை மட்டும் நாய் பிடிச்சு நிறுத்தியிருக்கும். நிக்கற வாஷருக்கும் சுத்தற வாஷருக்கும் நடுவுல உராய்வு வாஷர் நசுங்குதே, அந்த நசுங்கல்தான் டிராக். ஸ்டார் வீலைத் திருகினா நசுங்கல் கூடும். இவ்வளவுதான் விசயம். ஆனா ரெண்டு ஜாதியையும் இடம் மாத்தி அடுக்கிட்டா பாதி அடுக்கு வேலையே செய்யாது, ஸ்டாரை எவ்வளவு இறுக்கினாலும் மீன் போயிட்டே இருக்கும்.

உதறல் எதுனால வருதுன்னா, பழைய உராய்வு வாஷர் காஞ்சு கண்ணாடி மாதிரி ஆயிரும், இல்ல கிரீஸும் உப்பும் சேந்து ஒரு இடத்துல பிசின் பிடிச்சிருக்கும். பிடிச்சுக்கும், லைன் இழுவை ஏறும், திடீர்னு விடும், மறுபடி பிடிக்கும். லைன் அறுக்கறது பெரும்பாலும் மீன் இல்ல, இந்த உதறல்தான்.

பழைய வாஷர் நார் நாரா பிரேக் லைனிங் மாதிரி இருந்துச்சுன்னா தயவுசெஞ்சு காய்ஞ்ச உப்புத்தாள் போட்டு தேய்க்காதீங்க. அந்தக் காலத்து பிரேக் லைனிங்ல கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) போடறது வழக்கம், அந்தத் தூசி நுரையீரலுக்கு எமன். ஈரம் பண்ணி எடுத்து பையில கட்டிடுங்க. ரொம்பப் பழைய ரீல்ல தோல் வாஷர் இருக்கும், தோலுக்கு மாட்டுக்கால் எண்ணெய்தான் சரி, ஊறவெச்சு பிழிஞ்சு போடணும்.

மீன் பிடிக்கப் போற ரீலா இருந்தா நான் யோசிக்காம கார்பன் வாஷர் மாத்திடுவேன். பென்காரங்களே HT-100ன்னு போடறாங்க. பழசு என்ன இருந்துச்சோ அதை ஒரு கவர்ல போட்டு மாடல் நம்பர் எழுதி ரீலோட வெச்சிடுவேன், நாளைக்கு யாராச்சும் அசலாவே வேணும்னு கேட்டா குடுக்கலாம். கார்பனுக்கு டிராக் கிரீஸ் மெலிசா, விரல்ல தடவி அதே விரலால துடைச்சு எடுக்கற அளவு. அப்பி வெச்சா பிதுங்கி நாய் மேல வழியும், நாய் ஒட்டிக்கிச்சுன்னா ஹேண்டில் பின்பக்கம் சுத்தி கையைப் பேத்துரும்.

நான் டிராக் டிராக்னு கத்தறதுக்கு இன்னொரு காரணமும் இருக்கு. நியூ சவுத் வேல்ஸ்ல மீனுக்கு டேக் (அடையாளச் சீட்டு) போட்டு கடல்லயே விடற திட்டம் 1973ல இருந்து நடக்குது, இங்க மார்லின்ங்கற பெரிய மீனைப் பிடிக்கறவங்கள்ல நிறைய பேர் டேக் போட்டு விட்டுடுவாங்க. நல்ல டிராக் இருந்தா அரை மணியில படகுக்கிட்ட வரும், நீந்திப் போற தெம்போட போகும். உதறற டிராக்ல பயந்து பயந்து ரெண்டு மணி நேரம் இழுத்தா, விட்டாலும் அது பிழைக்குமாங்கறது சந்தேகம்தான்.

22 மே, படுக்கப் போறதுக்கு முன்னாடி

அளவு சொல்லாம விட்டுட்டேன். லைன் பலத்துல மூணுல ஒரு பங்கு. 24 கிலோ லைனுக்கு 8 கிலோ. ஊருக்குப் போகும்போது பெட்டி எடை பாக்கற தொங்கு தராசு இருக்குமே, அதை லைன் நுனியில கட்டி ஒருத்தர் இழுக்கணும், நீ ராட்டை சாய்வா பிடிச்சுட்டு நிக்கணும். ராட் வழியா இழுத்தாத்தான் உண்மையான கணக்கு, ரீல்ல இருந்து நேரா இழுத்தா ரோலர் வளையத்தோட உராய்வு வராது.

முக்கியமானது: 8 கிலோங்கறது ஸ்பூல் நிறைஞ்சு இருக்கும்போது. லைன் ஓடி ஸ்பூல் மேல சுத்து விட்டம் பாதியாச்சுன்னா நீ ஸ்டாரைத் தொடாமலே அது 16 கிலோ ஆயிரும். தண்ணியில கிடக்கற லைனோட இழுவை வேற. லைன் ஓட ஓட ஸ்டாரை தளத்தணும், பதறிப்போயி இறுக்கறவங்கதான் நிறைய பேரு.

25 மே

"ஏன் நட்சத்திரம் மாதிரி ஒரு வீல், லீவர் வெச்சா என்ன"ன்னு கேட்டதுக்கு. லீவர் வெச்ச ரீலும் இருக்கு, இப்ப பெரிய மீனுக்கு அதுதான் அதிகம். ஆனா ஸ்டார் வந்ததே ஒரு பெரிய விடுதலை, அதைச் சொல்லியே ஆகணும்.

கலிபோர்னியாவுல கேடலினா தீவு, அவலான்னு ஒரு சின்ன ஊர். சார்ல்ஸ் ஃப்ரெடரிக் ஹோல்டர் 1898ல அங்க 183 பவுண்டு சூரை ஒண்ணை ராட்லயும் ரீல்லயும் பிடிச்சார், அந்த வருசமே டூனா கிளப்னு ஆரம்பிச்சாங்க. 183 பவுண்டுன்னா 83 கிலோ. அப்ப இருந்த ரீல்ல இந்த மாதிரி டிராக் கிடையாது. ஹேண்டில் ஸ்பூலோட நேரா சேந்தது, மீன் ஓடினா ஹேண்டில் பின்பக்கமா மின்விசிறி மாதிரி சுத்தும், விரல் முட்டி தெறிச்சிரும். பிரேக்குன்னு பேருக்கு ஒரு தோல் துண்டு, அதை கட்டைவிரலால லைன் மேல அழுத்தணும், அவ்வளவுதான். அந்த ரீலை வெச்சுட்டு அந்த மீனை எப்படி நிறுத்தினாங்கன்னு நினைச்சா எனக்கு இன்னும் பிரமிப்பா இருக்கு.

அதே கேடலினாவுல வில்லியம் போஷன்னு ஒருத்தர் 1913ல முதல் முதலா வாள்மீனை ராட்ல பிடிச்சார். அவர் யோசனையில வந்ததுதான் புது ரீல்: உள்ளேயே டிராக், வெளிய ஸ்டார் வீல், ஹேண்டில் பின்னாடி சுத்தாது. அந்த ரீலை ஃபாம் ஹோஃப் செஞ்சாங்க, அதுக்கு பி-ஓஷன்னு பேர். அவர் பேரையே உடைச்சு கடலாக்கிட்டாங்க. நம்ம ஊர் கவிஞர்கள் சிலேடை கெட்டுது போங்க.

நீ போகப் போற பெர்மகுயிக்கும் கதை உண்டு. ஜேன் கிரேன்னு அமெரிக்க எழுத்தாளர் 1936ல அங்கதான் கூடாரம் போட்டு தங்கி மீன் பிடிச்சார், செனட்டர் வந்த அதே வருசம். அந்தக் காலத்து லைன் லினன் நூல். ஒரு இழைக்கு ஈரத்துல 3 பவுண்டுன்னு கணக்கு, 39 இழை நூல்னா 117 பவுண்டு. ஒவ்வொரு நாளும் சாயங்காலம் நூல் பூரா அவுத்து நல்ல தண்ணியில அலசி காய வெக்கணும், இல்லன்னா மக்கிப்போகும். அப்ப ரீலைப் பராமரிக்கறதுன்னு தனியா யாரும் பேசியிருக்க மாட்டாங்க, அது அன்னன்னைக்கு சாயங்கால வேலை.

28 மே

ராட் போட்டோ பாத்தேன். நல்ல கனமான கிளாஸ், தூக்கிப் போட்டுடாத.

முதல்ல நுனி ரோலர். ஆஃப்ட்கோ மாதிரி தெரியுது, 1958ல ஆக்சல்சன்னு ஒருத்தர் ஆரம்பிச்ச கம்பெனி. விரல் நகத்தால தட்டிப் பாரு, ரோலர் சுத்தணும். சுத்தலைன்னா லைன் ஒரே இடத்துல அரைச்சு கோடு விழுந்திருக்கும், அந்தக் கோடு பெரிய மீன் ஓடும்போது கத்தி. பழைய நைலான் காலுறைத் துண்டு ஒண்ணை ராட்ல லைன் போற எல்லா வளையத்துக்குள்ளயும் இழுத்துப் பாரு, எங்க சிக்குதோ அங்க சொரசொரப்பு. கோடு விழுந்த ரோலரை மாத்திடு, தேய்ச்சு சரி பண்ணலாம்னு நினைக்காத, நானும் நினைச்சேன், வட்டம் போயிருச்சு. இறுகினதை மட்டும் கழட்டி, உள்ள இருக்கற புஷ்ஷை மண்ணெண்ணெயில கழுவி, எண்ணெய் விட்டு பூட்டு.

வளையத்தைக் கட்டின நூல் வெடிச்சிருக்கு, புதுசா கட்டித்தான் ஆகணும். பழைய கட்டை அறுக்கும்போது பிளேடை ராட் மேல வெக்கக் கூடாது, வளையத்தோட இரும்புக் கால் மேல வெச்சு அறுக்கணும். கிளாஸ்ல ஒரு கீறல் விழுந்தா அது அங்கதான் ஒரு நாள் முறியும். பழைய வார்னிஷ் தேய்க்கும்போது மூக்குல மாஸ்க், முழுக்கை சட்டை. கிளாஸ் தூள் ராத்திரி பூரா அரிக்கும்.

நூல் நிறம்? அது உன் இஷ்டம் தம்பி. நான் எப்பவும் அடிக்கட்டு பக்கம் இருக்கற பழைய கட்டு ஒண்ணை மட்டும் தொடாம விட்டுடுவேன், அது யாரோ ஒருத்தர் உக்காந்து கையால சுத்தினது.

2 ஜூன்

தேங்காய் எண்ணெய் விடலாமான்னு ஒரு அம்மா கேட்டிருந்தாங்க, அவங்க வீட்டுக்காரர் தையல் மெஷினுக்கு அதான் விடுவாராம். ரீலுக்கு வேண்டாம்மா. 24 டிகிரிக்குக் கீழ அது உறைஞ்சிரும். ஜூன் மாசம் விடியக்காலையில கடல்ல அந்தக் குளிர்ல ஸ்பூல் மெழுகுல முக்கின மாதிரி நிக்கும். போதாததுக்கு நாளாக ஆக பிசுபிசுன்னு ஆயிரும். தையல் மெஷினுக்கும் மெஷின் எண்ணெயே நல்லது.

ரீலுக்கு எண்ணெய் ஸ்பூல் தாங்கற ரெண்டு முனைக்கும் ஒரு சொட்டு, கிரீஸ் கியர் பல்லுக்கு. ஸ்க்ரூ மரைக்கு எல்லாத்துக்கும் கிரீஸ் தொட்டுத்தான் பூட்டணும். பித்தளை, ஸ்டெயின்லெஸ், அலுமினியம், ரெண்டு ஜாதி உலோகம் தொடற இடத்துல உப்புத்தண்ணி போச்சுன்னா அது ஒரு சின்ன பேட்டரி, மட்டமான உலோகம் கரையும். நடுவுல கிரீஸ் இருந்தா தண்ணிக்கு இடம் இல்ல. நீ மே மாசம் பூரா அந்த ஸ்க்ரூவோட மல்லுக்கட்டினியே, அப்ப பூட்டினவன் அரிசி அளவு கிரீஸ் தொட்டிருந்தான்னா உனக்கு அந்தப் பாடே இல்ல.

9 ஜூன்

முதல் நாள் நான் எழுதினது தப்பு, நேராவே சொல்லிடறேன். "நைலான் தாராளமா போடு"ன்னு சொன்னேன். அதைப் படிச்சுட்டு இன்னொருத்தர் தன்னோட பழைய ரீல்ல, பேக்லைட் ஸ்பூல், 400 மீட்டர் நைலான் இறுக்கி சுத்தியிருக்கார். பாறையில மாட்டினதை இழுத்து எடுத்துட்டு வீட்டுக்கு வந்து வெச்சிருக்கார், ராத்திரி சத்தம் கேட்டு எழுந்து பாத்தா ஸ்பூல் ரெண்டா பிளந்து கிடக்காம். என் பேச்சைக் கேட்டுத்தான் போட்டேன்னு அவர் குத்திக்கூட காட்டல, எனக்குத்தான் ரெண்டு நாளா தொண்டையில நிக்குது.

காரணம் இதான். நைலான் இழுத்தா நீளும். நீண்ட நிலையிலேயே ஸ்பூல் மேல சுத்து சுத்தா ஏறினா, ஒவ்வொரு சுத்தும் சுருங்கப் பாக்கும், நூத்துக்கணக்கான சுத்து சேந்து நடுத்தண்டை நசுக்கும், ரெண்டு பக்க விளிம்பையும் வெளிய தள்ளும். லினனுக்கும் டேக்ரானுக்கும் (பின்னின பாலியஸ்டர் லைன்) நீட்டம் கம்மி, அதுக்குன்னு செஞ்ச ஸ்பூல் அது. உலோக ஸ்பூல் பிளக்காது, ஆனா அதுக்கும் விளிம்பு விரிஞ்சு பக்கத்தட்டுல உரசறதை நானே பாத்திருக்கேன்.

தம்பி, உன் 9/0ல உலோக ஸ்பூல்தான், இருந்தாலும் அடியில டேக்ரான் முக்கால் பங்கு, மேல நைலான் ஒரு 100 மீட்டர் மட்டும். பாறையிலயோ பெரிய மீன்லயோ இழுத்துட்டு வந்தா வீட்டுல அந்த நைலானை அவுத்து தளர்வா திரும்ப சுத்தி வை. பேக்லைட் ஸ்பூல் வெச்சிருக்கறவங்க டேக்ரான் மட்டும். இதை முதல் நாளே கேட்டு சொல்லியிருக்கணும்.

10 ஜூன்

குரோம் விசயத்துலயும் ஒரு மறுயோசனை. ரீல் வளையத்துல குரோம் செதில் செதிலா நிக்குதுன்னா, அதுவும் லைன் உரசற பக்கம்னா, அப்படியே விடக் கூடாது, லைனை அறுக்கும். அதுக்கும் புது முலாம் வேண்டாம். கிளம்பின செதிலை மட்டும் நகத்தாலயோ மூங்கில் குச்சியாலயோ எடுத்துட்டு, விளிம்பை எண்ணெய்க்கல்லு போட்டு நீவி, பித்தளை தெரிஞ்சா தெரியட்டும், மெழுகு தடவிடு.

20 ஜூன்

தம்பி தராசுல இழுத்துப் பாத்த டிராக் அளவு அனுப்பியிருக்கான். முதல்ல 5 கிலோவுக்கும் 11 கிலோவுக்கும் நடுவுல குதிச்சுதாம். கார்பன் மாத்தினப்புறமும் ஒரு சுத்துக்கு ஒரு தடவை லேசா பிடிக்குதாம்.

ஒரு சுத்துக்கு ஒரு தடவைன்னா வாஷர் கலவை தப்பு இல்ல, ஏதோ ஒண்ணு கோணல். காது வெச்ச உலோக வாஷரை கண்ணாடித் தட்டு மேல வெச்சு ஒரு விரலால அழுத்திப் பாரு, ஆடுதான்னு. ஆடலைன்னா கியர்ல காது உக்கார்ற வெட்டைப் பாரு, பழைய அடி வாங்கி பிசிறு நீட்டிட்டு இருக்கும், காது அதுமேல ஏறி உக்காந்திருக்கும்.

23 ஜூன்

பிசிறுதான். சின்ன அரத்தால ரெண்டு இழுப்பு, போச்சு. இப்ப 8க்கும் 8.3க்கும் நடுவுல நிக்குதுன்னு வீடியோ போட்டிருக்கான். லைன் போற சத்தத்தைக் கேளுங்க, பட்டுத்துணி கிழியற மாதிரி ஒரே சீரா போகுது. நான் நாலு தடவை போட்டுக் கேட்டேன்.

வளையத்துல புள்ளி புள்ளியா பொரிஞ்ச தழும்பு அப்படியே இருக்கு. இருக்கட்டும்.

3 ஜூலை

பெர்மகுயி போயிட்டு வந்துட்டான். மீன் ஒண்ணும் மாட்டல, கடல் ரெண்டு நாளும் கொந்தளிப்பு, ரீல் மட்டும் நல்லா நனைஞ்சிருக்கு. "ஹோஸ் போட்டு நல்லா பீச்சி அடிச்சு கழுவிட்டேன் அண்ணே"ன்னு சந்தோசமா எழுதியிருக்கான்.

பீச்சி அடிக்காத தம்பி. வேகமா அடிச்சா வெளிய இருக்கற உப்பை நீயே உள்ள தள்ளற. ஸ்டாரை இறுக்கிட்டு, அப்பத்தான் வாஷர் நடுவுல தண்ணி போகாது, பூவாளியில ஊத்தற மாதிரி நல்ல தண்ணி மெதுவா விடு, துணியால துடை. அப்புறம் ஸ்டாரை முழுசா தளத்திட்டுத்தான் அலமாரியில வெக்கணும், இறுக்கியே வெச்சா வாஷர் நசுங்கி அப்படியே படிஞ்சுக்கும், அடுத்த தடவை மறுபடி உதறும்.

இன்னைக்கு ராத்திரியே வலது பக்கத்தட்டைக் கழட்டு. இந்தத் தடவை ஸ்க்ரூ கையோட வரும். ராட்டோட இறுக்கற கிளாம்ப்பையும் கழட்டி ரீலோட காலுக்கு அடியில பாரு, அங்க யாரும் பாக்க மாட்டாங்க, வெள்ளையா பொடி நிக்கும். துடைச்சுட்டு ஒரு போட்டோ போடு.